சின்ன முதலாளியின் பல்வரிசை

வீட்டிலும் தொழிற்கூடத்திலும் அவளுக்கு வழங்கிய பெயர் ‘குடைச்சல்’. பள்ளிக்குப் போவதற்கு முன்பே வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. கடிகார முள் ஏன் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது, கதவுக் கீல் ஏன் கீழே மட்டும் துருப்பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பெரியவர்களைப் படுத்தி எடுத்த பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? நாற்பதைத் தாண்டியும் அப்பெயர் அவளை விட்டுப் போகவில்லை. அவளும் அதைப் போகச் சொல்லவில்லை.

கையில் எது அகப்பட்டாலும் வளைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். கரண்டிக் காம்பு, குடைக் கம்பி, பேனா மூடியின் கொக்கி எதுவும் தப்பாது. ஒடிந்தால் வருந்த மாட்டாள். ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இங்கதான் ஒடியும்னு நெனச்சேன்” என்பாள். விருந்தினர்க்கென வாங்கிய கரண்டிகளை அண்ணி அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்ததற்கு வேறு காரணம் இல்லை.

அவளுடைய வேலையும் அவ்வழக்கத்திற்கு ஏற்றதே. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே நுழைத்துத் துலக்கும் சிறு தூரிகைகளை அவர்களுடைய குடும்பத் தொழிற்கூடம் செய்து விற்கிறது. விரலளவு பிளாஸ்டிக் பிடி. அதன் முனையில் முறுக்கிய நுண்கம்பி. முறுக்கிற்குள் அகப்பட்ட நைலான் இழைகள். அண்ணன் விற்பான், தங்கை வடிவமைப்பாள். அவள் கையால் வளைத்துப் பார்த்துப் பச்சை முத்திரை குத்தாத பெட்டி வாசலைத் தாண்டக் கூடாது என்பது, அப்பா இருந்த நாளிலிருந்து வரும் ஏற்பாடு.

சென்ற வாரம், அவர்களோடு வசிக்கும் அத்தையின் கடைவாயில் அத்தூரிகை ஒன்று ஒடிந்து, கம்பித் துண்டு ஈறுக்குள் தங்கிவிட்டது. பல் மருத்துவரான அண்ணி எக்ஸ்ரே பார்த்து அதை எடுத்தாள். “அத்தை அழுத்திக் குத்தியிருப்பாங்க” என்று அண்ணன் அப்பேச்சை அத்துடன் முடித்துவிட்டான். முடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டான் என்பதே பொருந்தும்.

கம்பி ஒடிவது எப்போதும், அது பிடியை விட்டு வெளிவரும் கழுத்தில்தான். அந்தக் கழுத்தின்மேல் நீல நிறத்தில் மெல்லிய உறை ஒன்றைப் பசை வைத்துப் போட்டிருந்தாள் குடைச்சல். உறை இருந்தால் கம்பி ஒரே இடத்தில் மடங்காது. நீளம் முழுவதும் சிறிது சிறிதாக வளையும். அப்படிச் செய்து சில பெட்டிகளில் கட்டி வைத்த புதுத் தூரிகைகளுள் ஒன்றை அத்தையிடம் கொடுத்தும் வைத்திருந்தாள்.

இனி, இன்றைய நாள்.

அத்தை சமையலறை மேசையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பேச்சை நடுவில் துண்டித்துவிட்டு இன்னொருவர் பக்கம் திரும்பும் பழக்கம் இன்னும் அவரை விடவில்லை.

“உன் நீல பிரஷ்ஷு நல்லாத்தான் இருக்கு. வளைச்சா வளையுது, மொரண்டு பண்ணல,” என்றார். “ஆனா பின்னாடி என்னமோ நெருடுதுடீ. முடி சிக்கின மாதிரி.”

“அது பழைய புண்ணு ஆறுது அத்தை. கம்பி குத்தின எடம்.”

“ஆறுற புண்ணு அரிக்கும். இது நெருடுது.”

“ரெண்டு நாள் பாருங்க.”

“நான் எங்க பாக்கறது? என் வாய்க்குள்ள இருக்கு.”

சொல்லிக்கொண்டே அத்தை தம் தூரிகையை எதிரில் ஆவி பறந்த வெந்நீர்க் குவளைக்குள் போட்டுக் கலக்கி, எடுத்து உதறினார். சுத்தத்தில் அவரை மிஞ்ச அவ்வீட்டில் ஆள் இல்லை.

குடைச்சல் அதைப் பார்த்தாள். கண் பார்த்ததே தவிர, கருத்து வேறெங்கோ இருந்தது.

அந்நேரம் அண்ணி, துண்டில் சுற்றிய பொட்டலம் ஒன்றுடன் உள்ளே வந்தாள். “இந்தா, அத்தையோட வாய்,” என்று அதை நாத்தனாரின் கையில் வைத்தாள்.

அத்தையின் உடைந்த பல் ஒன்றுக்கு மேலுறை போடுவதற்காக அண்ணி எடுத்த அச்சு அது. கல்லைப் போல் இறுகும் பல் மாவில் வார்த்தது. கடைவாய் வரை எல்லாப் பற்களும் அதில் இருந்தன. நெருக்கமும் கோணலும் சாய்வும் அப்படியே இருந்தன.

“கனமா இருக்கே அண்ணி.”

“இருக்கும். ஆனா பேசாது.”

“எனக்குக் காது கேக்குது,” என்றார் அத்தை.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “உங்க அண்ணன்கிட்ட நான் குடுத்தேன்னு சொல்லாத.”

“கேட்டா?”

“கேட்டா சொல்லிடு. உனக்குப் பொய் வராது. திருதிருன்னு முழிச்சு நீ காட்டிக் குடுக்கறதுக்கு, சொல்றதே மேல்.”

அண்ணன் படியிறங்கி வரும் ஓசை கேட்டதும் பொட்டலம் குடைச்சலின் பைக்குள் போயிற்று. தேய்த்த சட்டை, படிய வாரிய மிச்சத் தலைமுடி, நெற்றியில் அப்போதே வியர்வை. ஊரெங்கும் கிளை பரப்பிய மருந்துக் கடைத் தொகுதியிலிருந்து, கொள்முதல் செய்யும் அம்மையார் இன்று வருகிறார். அவர் தலையசைத்தால், தொழிற்கூடத்துத் தூரிகை கடை கடையாகப் போய்ச் சேரும்.

“ஏய் குடைச்சல், இன்னிக்கு ஒரு நாள் வாயத் தெறக்காத. அந்தம்மா என்ன கேட்டாலும் நான் பேசறேன். நீ மிஷின ஓட்டு, போதும்.”

“எந்த பிரஷ்ஷ ஓட்டணும்?”

“பழசத்தான். கைப்பிடிக்குக் கலர் மாத்தியாச்சு. அட்டையில ‘பாதுகாப்பானது’ன்னு போட்டாச்சு. இன்னும் என்ன வேணும்?”

“கலர் மாத்தினா ஒடியாதா அண்ணா?”

“ஆரம்பிக்காத. அத்தை ஒருத்தங்க அழுத்திக் குத்தினாங்கன்னா ஊரே அப்படிக் குத்திக்குமா?”

“நான் இங்கதான் உக்காந்திருக்கேன்,” என்றார் அத்தை.

“தெரியும் அத்தை. தெரிஞ்சுதான் பேசறேன்.”

அத்தை கன்னத்தை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, எதிர்முனையில் யாரும் இல்லாத இணைப்பைத் துண்டிப்பவரைப் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

தொழிற்கூடத்தின் நீண்ட கூடத்தில் கம்பி முறுக்கும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. சூடான பிளாஸ்டிக் வாசனை எங்கும் பரவியிருந்தது. நைலான் துகள் காற்றில் மிதந்து, வேலை செய்வோரின் புருவங்களில் வெள்ளையாகப் படிந்திருந்தது. கூடத்தின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், சோதனை அறை.

அந்த அறையில் ஓர் எஃகுத் தாடை உண்டு. அதன் பிறப்பைச் சொல்லாமல் மேலே போக இயலாது.

அப்பா தொழில் தொடங்கிய காலத்தில், தூரிகையைச் சோதிக்க ஒரு வாய் தேவைப்பட்டது. மூத்த மகனுக்கு அப்போது இளமை. சொத்தை இல்லை, கோணல் இல்லை, பற்களுக்கிடையே ஒழுங்கான இடைவெளி. அவன் வாயையே அச்செடுத்தார். பின்பற்கள் வரை அச்சுத் தட்டைத் தள்ளியபோது மகனுக்குக் குமட்டிவிட்டது. சரி, முன்னால் கிடைத்தவரை போதும் என்று அதையே எஃகில் வார்த்துவிட்டார். அன்று முதல் அங்கே பிறந்த தூரிகை ஒவ்வொன்றும் அந்த ஒரே வாய்க்குள் நேராகப் போய் நேராக வந்துதான் தேறியது.

தொழிலாளர் அத்தாடைக்குச் ‘சின்ன முதலாளி’ என்று பெயர் வைத்திருந்தனர். அசல் முதலாளிக்குத் தலை வழுக்கையாகி, கடைவாய்ப் பல்லும் ஒன்று போய்விட்டது. எஃகு முதலாளி மட்டும் மூப்பு அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொள்முதல் அம்மையார் தட்டைச் செருப்பும் தோளில் ஒரு தண்ணீர்க் குப்பியுமாக வந்தார். பல தொழிற்கூடங்களைப் பார்த்துச் சலித்த கண்கள். ஆனால் எதையும் விட்டுவிடாத கண்கள். அண்ணன் கதவைத் திறந்தான், நாற்காலியை இழுத்தான், மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான். குடைச்சல் இயந்திரத்தை ஓட்டினாள்.

தூரிகை எஃகுப் பற்களிடையே போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது. இழைகள் தேய்ந்தன, கம்பி அசையவில்லை.

“பாத்தீங்களா மேடம்,” என்றான் அண்ணன். “இழை தேயும். அது நியாயம். கம்பி இருக்கு பாருங்க, கல்லு மாதிரி.”

குடைச்சல் இயந்திரத்தை நிறுத்தினாள். சின்ன முதலாளியின் திருகுகளைக் கழற்றினாள்.

“என்ன பண்ற?”

“நீ என் வாயத் தெறக்காதன்னு சொன்ன அண்ணா. நான் தெறக்கல. வேற ஒருத்தர் வாய வைக்கறேன்.”

“யாரு வாய் அது?”

“அத்தை.”

அண்ணன் ஏதோ சொல்லப் போனான். அதற்குள் அம்மையார் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

இயந்திரத்தின் கைக்கும் குடைச்சல் ஒரு மாற்றுப் பிடி செய்திருந்தாள். கடைவாயைத் துலக்க மனிதக் கை கன்னத்தை ஒதுக்கிக்கொண்டு எப்படிச் சாய்ந்து நுழையுமோ, அப்படிச் சாய்ந்து நுழையும் பிடி. அதில் பழைய தூரிகையைப் பொருத்தினாள். தூரிகை பின்பல் இடுக்கில் வளைந்து புகுந்தது, வெளியே வந்து நிமிர்ந்தது, மீண்டும் வளைந்தது.

அம்மையார் காபியை இரண்டு வாய் குடித்திருப்பார். நகம் வெட்டுவதைப் போன்ற சிறிய ஓசை ஒன்று கேட்டது. கை வெறும் பிடியுடன் திரும்பி வந்தது. கம்பி அத்தையின் பல்லிடுக்கில் நின்றுவிட்டது.

அம்மையார் எழுந்து வந்து அதை விரல் நகத்தால் தொட்டுப் பார்த்தார். “இப்படி யாருக்காவது ஆகியிருக்கா?”

“வயசானவங்க மேடம், கொஞ்சம் அழுத்தி…” என்று தொடங்கினான் அண்ணன்.

“எங்க அத்தைக்கு. போன வாரம்,” என்றாள் குடைச்சல்.

அவள் நீல உறையிட்ட தூரிகையைப் பொருத்தினாள். அது வளைந்தது, நிமிர்ந்தது, வளைந்தது. அண்ணன் மிச்சத் தலைமுடியைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தான். காபி ஆறி ஆடை படிந்தது. இயந்திரத்தின் கை ஓயவில்லை, கழுத்து ஒடியவில்லை. இழைகள் முற்றிலும் தேய்ந்து மொட்டையான பிறகும் கம்பி முழுதாக இருந்தது.

“பழசு எனக்கு வேண்டாம்,” என்றார் அம்மையார். “இதுன்னா எங்க எல்லாக் கடைக்கும் எடுக்கறேன். ரெடியா இருக்கா?”

“முதல் பெட்டிங்க கட்டி வெச்சிருக்கு மேடம்,” என்றான் அண்ணன். கண்மூடித் திறப்பதற்குள் அவன் முகம் மாறியிருந்தது. “நானும் இதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

“யார்கிட்ட சொன்ன?” என்றாள் குடைச்சல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

“மனசுக்குள்ள.”

அது காதில் விழுந்ததோ என்னவோ, அம்மையார் சிரித்தார். “முத்திரையக் குத்துங்க. நான் பாத்துட்டே கெளம்பறேன்.”

அவர் முன்னறைக்குப் போனதும் அண்ணன் தங்கையின் தலையில் கை வைத்து ஒரு முறை அசைத்தான். சிறுபிள்ளைகளாக இருந்தபோது செய்தது. பிறகு செய்ததே இல்லை. “ஜெயிச்சுட்ட குடைச்சல். நெஜமாத்தான் சொல்றேன். நல்ல வேலை.”

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து பச்சை முத்திரையை எடுத்தாள். அப்போது தொலைபேசி ஒலித்தது. அண்ணி.

“கொஞ்சம் தனியா வா,” என்றாள் அண்ணி. குரலில் மருத்துவமனையின் அமைதி இருந்தது. “அத்தை இங்க இருக்காங்க. நீங்க போனப்புறம் கன்னம் வீங்கிடுச்சு.”

குடைச்சல் அச்சு வார்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

“எக்ஸ்ரே எடுத்தேன். ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருந்துச்சு. மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம்னுதான் பாத்தேன். அவங்க நாற்காலிய விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டாங்க. நெருடுது, நெருடுதுன்னு. சரின்னு மரத்துப்போக ஊசி போட்டு ஈறத் தெறந்து பாத்தா…” அண்ணி நிறுத்தினாள். “நீலமா இருக்கும்மா.”

“உறையா?”

“உறைதான். கம்பி ஒடியல. உறை மட்டும் கழண்டு உள்ள எறங்கியிருக்கு. கம்பின்னா எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியும். இது இருக்கறதே தெரியல.”

“முழுசா வந்துடுச்சா அண்ணி?”

“பாதிதான் வந்திருக்கு. மீதி இன்னும் உள்ள இருக்கா, முழுங்கிட்டாங்களா, எனக்குத் தெரியல. தேடிக்கிட்டிருக்கேன்.”

பின்னாலிருந்து அத்தையின் குரல், மரத்துப்போன உதடுகளின் வழியே குழறி வந்தது: “அவகிட்ட சொல்லு. புண்ணு ஆறலன்னு சொல்லு.”

குடைச்சல் தொலைபேசியை வைத்தாள். காலையில் கண் பார்த்துக் கருத்து பாராததை இப்போது கருத்து பார்த்தது. ஆவி பறக்கும் குவளை. அதில் கலக்கப்படும் தூரிகை. உறையை ஒட்டியிருக்கும் பசை.

காபிக்கு வெந்நீர் கொதிக்கும் கெண்டி மூலையில் இருந்தது. அங்கே இருந்த புதுப் பெட்டியிலிருந்து ஒரு தூரிகையை எடுத்து வெந்நீரில் நனைத்தாள். எடுத்து வளைத்தாள். நனைத்தாள், வளைத்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தால் கழுத்தை மெல்ல நெருடினாள். முதலில் பிடிவாதமாக இருந்தது. பின்னர் நீல உறை, சட்டைக் கையைப் போல், கம்பியின் மேல் வழுக்கி நகர்ந்தது.

வழக்கப்படி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வழக்கமாகச் சொல்வதை மட்டும் இம்முறை சொல்ல முடியவில்லை. இங்கே கழலும் என்று அவள் நினைத்திருக்கவே இல்லை.

“அந்தம்மா உக்காந்திருக்காங்க, இங்க என்ன பண்ற?” என்று உள்ளே வந்த அண்ணன், அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான்.

“பிரஷ்ஷ யாராவது கொதிக்கற தண்ணியில முக்குவாங்களா? அட்டையில ‘வெந்நீரில் போடாதீர்கள்’னு ஒரு வரி போட்டுடுவோம். முடிஞ்சுது.”

“போன வாரம் அழுத்திக் குத்தினாங்கன்ன. இந்த வாரம் முக்கினாங்கன்ற. எல்லாத் தப்பும் அத்தையோடதுதானா அண்ணா?”

“அப்ப இது உன் தப்பு. உன் பிரஷ், உன் உறை. ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன்.”

அவ்வளவு விரைவில் அவ்விடை வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. “சரி. ஒத்துக்கிட்டேல்ல? அத மனசோட வெச்சுக்க. அடுத்த பெட்டியில சரி பண்ணிக்கலாம். இப்ப அந்தம்மா எழுந்து போனா திரும்பி வர மாட்டாங்க. வெளிய கம்பி முறுக்கறவங்கள நெனச்சுப் பாத்தியா? அவங்களுக்கு நீ பதில் சொல்வியா?”

“சொல்றேன். நானே போய் நின்னு சொல்றேன்.”

“உன் பிடிவாதத்துக்கு அப்பாவே தேவலாம்.”

“அப்பா ஒரே ஒரு வாய வெச்சு எல்லாத்தையும் பாத்தார். நான் அத்தை வாய வெச்சுப் பாத்தேன், பெரிசா சாதிச்சுட்டதா நெனச்சேன். அத்தை கைய வெச்சுப் பாக்கல. அத்தை குவளைய வெச்சுப் பாக்கல. காலையில என் கண்ணு முன்னாடிதான் முக்கினாங்க. நெருடுதுன்னு சொன்னாங்க. நான்தான் புண்ணு ஆறுதுன்னு சொன்னேன். எனக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?”

அண்ணன் கையை நீட்டினான். “அந்த முத்திரையக் குடு. நான் குத்தறேன். உன் பேரு இதுல வேண்டாம்.”

“குடுக்க மாட்டேன்.”

“இப்பதான் உன்ன நல்ல வார்த்தை சொன்னேன்.”

“கேட்டேன் அண்ணா. நல்லாத்தான் இருந்துச்சு. கதவ விடு.”

அவன் விடவில்லை, அவளும் குரலை உயர்த்தவில்லை. முத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்து நின்றாள். எஃகுத் தாடையில் மாறாமல் சிரித்த வாய் இம்முகத்தில் எங்கே போயிற்று என்று தேடுபவள் போல் இருந்தது அப்பார்வை. கடைசியில் அவனே கண்ணைத் தாழ்த்தி, ஒரு தோள் அளவுக்கு வழி விட்டான்.

முன்னறையில் அம்மையார் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். புதுப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. குடைச்சல் ஒடிந்த கம்பியையும் கழன்ற உறையையும் காபித் தட்டில் அருகருகே வைத்தாள்.

“பழசுல கம்பி ஒடியுது மேடம். என்னோடதுல உறை கழலுது. கழண்டா எக்ஸ்ரேலயும் தெரியாது. எங்க அத்தை இப்ப பல் டாக்டர் நாற்காலியில இருக்காங்க. பாதி உறை இன்னும் கெடைக்கல. உறையத் தனியா ஒட்டக் கூடாது. பிடியோட ஒரே வார்ப்பா வரணும், எக்ஸ்ரேல தெரியற பொருள் கலந்து வரணும். வெந்நீர்ல போட்டாலும் நிக்கணும்.”

அம்மையார் தட்டைப் பார்த்தார். கதவருகே நின்ற அண்ணனைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“தெரியாது.”

“உங்க அண்ணன் என்ன சொல்றார்?”

அண்ணன் வாயைத் திறந்தான். குடைச்சல் அவனுக்காகக் காத்திருந்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான்.

“அப்ப நான் வந்ததுக்கு இன்னிக்கு எது போகும்?” என்றார் அம்மையார்.

“இன்னிக்கு இங்கேயிருந்து ஒரு பெட்டியும் போகாது மேடம்,” என்றாள் குடைச்சல்.